லென்ஸ் தெளியும்வரை

செய்தி வந்தபோது சாயங்காலம் நாலரை. செல்வமணி புஞ்சக்கரி வயலோரம் ஒரு மீன்கொத்தியைப் படமெடுக்கக் குத்தவைத்திருந்தான். "அண்ணன் போயிட்டாரு" என்றாள் அண்ணன் மனைவி எலிசாள் மைனி போனில். அந்தச் சத்தத்துக்கு மீன்கொத்தியும் போய்விட்டது. அண்ணன் தாசையனிடம் கேட்டிருந்தால் இரண்டாவதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டிருப்பார்.

சாலைக் கம்போளத்தில் ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதியவர் அவர். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கேமராப் பையைத் தோளில் மாட்டிவிடுவார். ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு செல்வமணி பின்னால் போவான். வழியெல்லாம் வசவுதான். "எடே, லென்ஸ வாயால ஊதாதே, அது என்ன அடுப்பா?" "நீ எடுத்தா யானைக்கும் தலை இருக்காதுடே."

இந்த ஊர் மழைக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பயந்துதான் வீட்டில் ஏசி வாங்கினார். அதுவரை மைனிக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது அவர் கவனத்துக்கு வரவில்லை.

மறுநாள் அடக்கம். மகள் லிபிக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. அவளுக்கு அனுப்ப, பெட்டியை மூடும் முன் குடும்பம் சுற்றி நிற்கும் படம் ஒன்று வேண்டும்.

"போன்ல வேண்டாம் செல்வமணி. அவரு கேமராவுல எடு. இல்லேன்னா எழும்பி வந்துருவாரு, கேட்டியா?" என்றாள் மைனி.

ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். மழை விட்ட புழுக்கம். கண்ணை வைத்துப் பார்த்தால் மொத்தக் குடும்பமும் ஆவியாய் நின்றது. குளிரிலிருந்து வந்த லென்ஸ் முழுக்க ஈரம் படிந்திருந்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். அது நூறு தடவை கேட்ட பாடம். அவசரத்தில் வேட்டி நுனியால் துடைத்தான். தாசையன் கணக்கில் அது கொலைக்குற்றம். மறுபடியும் படிந்தது.

"ஆச்சா?" என்றார் பாஸ்டர்.

"கேமரா சூடாகணும் பாஸ்டர்."

மருமகன் ஜிபின் முணுமுணுத்தான். "செத்தும் வெயிட் பண்ண வைக்காரே மாமா."

எல்லோரும் மைனியைப் பார்த்தார்கள். அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "கல்யாண நாளுக்குப் பொன்முடிக்குக் கூட்டிட்டுப் போனாரு. பனி விலகட்டும்னு பட்டுச்சேலையில என்னைய நிக்க வச்சாரு. பனி விலகிச்சு. மனுஷன் பேட்டரிய வீட்டுல வச்சுட்டு வந்திருந்தாரு."

யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் அடக்க முடியவில்லை. பாஸ்டர் வேதாகமத்தால் வாயை மறைத்துக்கொண்டார். லென்ஸ் தெளிந்தது அந்த நேரம் பார்த்துத்தான். செல்வமணி அழுத்திவிட்டான்.

அவன் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். யார் தலையும் போகவில்லை. நடுவில் தாசையன். தலைமாட்டில் மைனி அண்ணாந்து சிரிக்கிறாள்.

"படம் எங்கே சித்தப்பா?" என்று லிபி அன்றைக்கே கேட்டாள். அவன் தயங்கித் தயங்கி மைனியிடம் போய் நின்றான்.

"அனுப்பு. நாங்க அழுதத அவ போன்லயே கேட்டுட்டா" என்றாள் அவள்.

படத்தின் ஓரத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று பாதி தெரிகிறது. அதை வெட்டிவிட்டு அனுப்புவதாகச் செல்வமணி லிபியிடம் சொல்லியிருக்கிறான். இன்னும் வெட்டவில்லை.