ரோஜாப்பூ போட்ட வேட்பாளர்

பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் அணியின் முகநூல் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நான். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், பிழையில்லாமல் தமிழ் எழுதுவார் என்று என்னைப் பிடித்தார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போது இல்லை.

தலைமை வேட்பாளர் அரிசி ஆலைக்காரர். அவருக்கு வேங்கை, தளபதி, சமூகத்தின் கேடயம் என்று எழுதித் தள்ளினேன். கூட்டமொன்றில் அவர் மேசையில் அடித்துக் கத்தியதை இசை சேர்த்துத் திரும்பத் திரும்பப் போட்டோம்.

பெண் வேட்பாளர்களில் ஒருவர் என்னிடம் படித்தவர். மழை வெள்ளத்தில் தன் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். வெள்ளம் கடலுக்கு வடிய ஆற்றுவாய் மணலை வெட்டவேண்டும். அதற்கு யார் உத்தரவிடுவது, ஏன் ஒவ்வொரு மாரியும் பிந்துகிறது, சபை என்ன செய்யலாம் என்று குரலை உயர்த்தாமல் விளக்கினார். காலையில் போட்டேன். பின்னேரம் அசர் தொழுகைக்குள் கீழே கருத்துகளில் குப்பை சேர்ந்துவிட்டது. 'இவட ஊட்டில ஆம்புள இல்லியா?' என்பதுதான் அதில் நாகரிகமானது.

யாரும் கேட்காமலே வீடியோவை நீக்கிவிட்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உங்கட மரியாதைக்காகத்தான் மகள்."

"என்ட மரியாதய நான் பாத்துக்குவன் சேர். நான் செல்லினதில பிழ இரிக்கா?"

"பிழ இல்ல."

"மேசைல அடிச்ச வீடியோவுக்கும்தானே ஏசினானுகள். அத எடுக்கல்லியே?"

"அது வேற, மகள்."

"ஓம் சேர். அது வேறதான்."

அதன்பின் அவருடைய பதிவுகளிலெல்லாம், இங்கே சிலர் செய்வதுபோல, அவர் முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூவும் பக்கத்தில் கணவரின் படமும் போட்டேன். பண்பான தாய், இன்னாரின் துணைவி என்று எழுதினேன். புடவைக்கடை வைத்திருந்த அந்தக் கணவரே வந்து முறையிட்டார்.

"கடைக்கு வாறவனெல்லாம் 'என்ன மெம்பர்?' எண்டு என்னக் கேக்கான் சேர். என்ட மூஞ்சிய எடுத்திட்டு அவட படத்தப் போடுங்களன்."

சிரித்து அனுப்பிவிட்டேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஆற்றுவாய் பற்றி என் மாணவி சொன்னதை அப்படியே எடுத்து ஆலைக்காரருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் உழவு இயந்திரத்தில் ஏறி நின்று கர்ச்சித்தார். ஊர் கொண்டாடியது.

தேர்தல் முடிந்ததும் பெண்களுக்கான ஆசனம் ஒன்று எங்கள் அணிக்குக் கிடைத்தது; பட்டியலில் உள்ள யாருக்கு அது என்பதை அணிதான் தீர்மானிக்கும். அது என் மாணவிக்குத்தான் என்று நம்பியிருந்தேன். ஆலைக்காரர், பட்டியலில் பெயருக்கு இருந்த தன் தம்பியின் மனைவியைத் தெரிவுசெய்தார். அந்தப் பெண்ணை ஒரு கூட்டத்திலும் நாங்கள் கண்டதில்லை.

"சேர் படிப்பிச்ச புள்ளய ஆருக்குத் தெரியும்? அவட முகத்தயே ஊரில ஒருத்தரும் காணல்லியே" என்றார்.

காணாமல் செய்த நான் அவர் முன்னால் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோ அப்போதும் என் தொலைபேசியில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். தேநீரைக் குடித்து முடித்தேன்.

புதிய உறுப்பினருக்கு வாழ்த்து எழுதச் சொன்னார். எழுதினேன். படத்துக்கு அதே ரோஜாவைப் போட்டேன்.

கீழே முதலில் எழுதியவர் என் மாணவிதான். 'தமிழில ஒரு பிழையும் இல்ல சேர்.'

அதையும் நீக்கினேன்.