விராலைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது

நான் பாடம் நடத்திய கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில், மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட பெயிண்ட் டப்பா ஒன்று இருந்தது. மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்கு வரும் தவளைகளில் மிகச் சிறியவை எங்களுக்கு உதவாது. வெள்ளிக்கிழமை மாலையில் அவற்றை ஆய்வக உதவியாளர் என்னிடம் கேட்டு வாங்கி அந்த டப்பாவில் போட்டுக்கொள்வார். தினக்கூலி ஊழியர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். தாமலுக்கு அப்பால் அவருடைய ஊர். ஊரை ஒட்டித் தாங்கல் என்று அவர்கள் சொல்லும் ஒரு சின்ன ஏரி. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலில் தவளையை உயிரோடு கோத்து அங்கே விரால் பிடிப்பார். ஈரச் சாக்கில் சுற்றி, சாகாமல் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்து விற்பார். கல்லூரிக் கூலி சாப்பாட்டுக்குப் போனது. மகளைப் படிக்க வைத்தது விரால்தான்.

நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரன், மீன் சமைக்காத வீடு. அப்படியும் விராலைப் பற்றி வகுப்பில் நான் சொன்னதில் பாதி அவரிடம் கேட்டது. "ஒரு வாட்டி சாப்ட்டுப் பாருங்க சார், பாடத்துல இன்னும் ரெண்டு பக்கம் எழுதுவீங்க" என்று கேலி செய்வார். சிவந்த குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நீர்மேல் மூச்சுவாங்க வரும்போது, தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும் என்பதை அவர்தான் எனக்குக் காட்டினார். ஆனால் அந்தச் சமயத்தில் தூண்டில் போடமாட்டார். "அப்போ எதப் போட்டாலும் பாஞ்சி கடிக்கும் சார். பசியில இல்ல, கோவத்துல. அப்போ புடிக்கிறவன் மீன் புடிக்கிறவன் இல்ல, புள்ள புடிக்கிறவன்."

இரண்டாயிரத்துக்குப் பிறகு, அமெரிக்காவில் ஒரு குளத்தில் விரால் இனம் புகுந்துவிட்ட செய்தி பத்திரிகைகளில் அடிபட்டது. தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போகும், மற்ற மீன்களை அழித்துவிடும், கண்டால் கொல்லுங்கள் என்று அங்கே அரசாங்கமே சொன்னது. அந்த நேரத்தில் உதவியாளரின் ஊர்த் தலைவர் என்னைப் பேச அழைத்தார். தாங்கலில் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து இருக்கிற மீன்களைக் கொன்றுவிட்டு, கட்லா, ரோகுக் குஞ்சுகளை விடக் குத்தகைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் நல்ல கூட்டம். விரால் ஊர்ந்து போவதைக் கையால் செய்து காட்டினேன். பிள்ளைகள் கத்தினார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. கொல்லச் சொல்கிறார்கள் என்றேன். 'அங்கே' என்ற சொல்லை விட்டுவிட்டேன். விரால் இந்த மண்ணின் மீன், கட்லாவும் ரோகுவும்தான் வடக்கிலிருந்து வந்தவை என்பது எனக்குத் தெரியாததல்ல. இருபது வருடம் நடத்திய பாடம். அதைச் சொன்னால் பேச்சின் வேகம் குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை உதவியாளர் என் மேசை அருகே வந்து நின்றார்.

"சார், ஞாயித்துக்கெழம மருந்து போடப் போறாங்க. புரபசரே சொல்லிட்டாருன்றாங்க. நீங்க வந்து ஒரே வார்த்த, இது நம்மூரு மீனுதான்னு சொல்லிட்டீங்கன்னா உட்ருவாங்க."

"பார்க்கலாம்" என்றேன்.

"பாக்கலாம்னா, வர்றேன்னு சொல்லிரட்டா சார்?"

சரி என்று தலையை ஆட்டினேன். கைதட்டிய கூட்டத்தின் முன்னால் போய், அன்று சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகவில்லை.

திங்கட்கிழமை அவர் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் நிமிராமலே சொன்னார்: "நீங்க சொன்னது நெசந்தான் சார். கரையேறி நடந்துச்சி. தண்ணி எரிச்சல் தாங்காம வரப்பு வரைக்கும் வந்துதுங்க." அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் தவளை கேட்கவில்லை. அந்த வருடம் மகள் கல்லூரியில் சேரவில்லை. தொழிற்சாலை வேன் ஏறினாள். சில மாதங்களில் அவரும் வேலையை விட்டு நின்றார்.

ஊராருக்கு விவரம் தெரியாது, நான் தவறாகச் சொன்னதை நம்பிவிட்டார்கள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்றுச் செவிலிமேட்டில் குடியேறிய பிறகு, ஒரு கல்யாணப் பந்தியில் அந்தத் தலைவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். விரால் அந்நிய மீன் அல்ல என்று அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"எங்களுக்குத் தெரியாதா சார்? எங்க தாத்தா புடிச்ச மீனு அது. குத்தகைக்கு ஊரு ஒத்துக்கணும், அதுக்குப் படிச்சவங்க வாயால ஒரு பேச்சு வேணும். அவ்ளோதான்." அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தொடர்ந்தார். "அன்னிக்கிப் பதினோரு மணி வரைக்கும் புண்ணாக்கு மூட்டையப் பிரிக்கல தெரியுமா? சார் வர்றாரு, சார் வர்றாருன்னு உங்க ஆளு ரோட்டுக்கும் கரைக்கும் நடந்துக்கினே இருந்தாரு. நீங்க வந்து வேணாம்னு சொல்லியிருந்தா, ஊரு உங்க பேச்சதான் கேட்டிருக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த ஊருக்கு நேர் பஸ் இருந்தது.