‘நேரில் பார்த்தேன்’ என்று நான் போட்ட குறி

இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால் என்னை இவ்வளவு இழிவாக அதில் வைத்திருக்க மாட்டேன். நடந்தது சென்ற ஜனவரி பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. மாலை மூன்று ஐம்பதுக்குத் தொடங்கியது. வெளியே வெயில் இருந்தது. நான் குடிப்பவன் அல்லன்.

மொன்டானாவில் முப்பத்தொரு ஆண்டுகள் பூகோளம் கற்பித்தேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் ஒரு கதை சொல்வேன். மரத்துக் கூட்டில் எத்தனை முட்டைகள் என்று பார்த்துவர ஒரு மேக்பைப் பறவை போனது. குளிருக்குப் பயந்து பாதி வழியில் திரும்பி, “மூன்று” என்றது. அதை நம்பிப் போன எலி திரும்பவில்லை. கூட்டில் முட்டை இல்லை, ஆந்தைதான் இருந்தது. பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஓய்வுக்குப் பிறகு கணினியில் லாரி ஓட்டும் விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் வரைபடத்தில் எங்கள் மாவட்டம் பெயருக்குத்தான் இருந்தது. அதனால் ரசிகர் குழு ஒன்று பகுதி பகுதியாகத் திருத்தி வரைந்தது. குழுவின் தலைவர் டெரன்ஸ், கனடாவின் ஆல்பர்ட்டாக்காரர். அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. அந்தந்த ஊர்க்காரர் சாலையில் போய்ப் பார்த்து, ஒவ்வொரு மைலுக்கும் உரிய சீட்டில் ‘நேரில் பார்த்தேன்’ என்று குறி போட வேண்டும். குறி இல்லாத எதுவும் வரைபடத்தில் ஏறாது. ரவுண்டப் என்ற ஊருக்குப் போகும் சாலையில் பதினான்கு மைல் என் பங்கு.

எங்கள் மாநிலத்தில், சாலையில் உயிர் போன இடத்தில் முன்னாள் போர்வீரர் சங்கத்தார் வெள்ளை இரும்புச் சிலுவை நடுவார்கள். பன்னிரண்டாம் மைல் வளைவில் இருப்பது டேன் ப்ரெக்கியின் சிலுவை. என் மாணவன். இருபத்து நான்கு வயது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இரவு இரண்டு மணி வாக்கில், உறைபனியில் அவன் ஓட்டிய மாட்டு லாரி கவிழ்ந்து இறந்துபோனான். அன்றிலிருந்து அவன் தாய் மார்லிஸ் அந்தச் சாலையை மிதித்ததில்லை. நாற்பது மைல் சுற்றிப் போவாள்.

நவம்பரில், அவள் வேலை பார்க்கும் உணவகத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸ்டர் ஹாகன், இந்த வயசுல லாரி ஓட்டுறீங்களாமே! லைசென்ஸ் இருக்கா?”

“நான் ஓட்டுறது நாற்காலிய, மார்லிஸ். அதுக்கு யாரும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க.”

சிரித்தாள். காபி ஊற்றினாள். ஊற்றி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

“அதுல அந்த வளைவு வருமா?”

“வரும்.”

“அவன் சிலுவை?”

“வைக்கச் சொல்றேன்.”

“நேர்ல போய்ப் பாத்து, இப்ப எப்படி இருக்கோ அப்படியே வைங்க. நிஜ ரோட்டுல என்னால முடியல. உங்க நாற்காலியில உக்காந்தாவது ஒரு தடவை அவங்கிட்ட போயிட்டு வரேன்.”

வாக்குக் கொடுத்தேன்.

பதினொரு மைல் போனேன். பிறகு குளிர் மைனஸ் இருபதுக்கு இறங்கியது. சீட்டுகளை அனுப்ப டிசம்பர் முப்பத்தொன்று கடைசி நாள். வீட்டில் கணப்பு இதமாக இருந்தது. இணையத்தில் எட்டு ஆண்டுப் பழைய படம் ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்து எழுதினேன்: ‘ஒரு சிலுவை, வலப்புறம், நிமிர்ந்து நிற்கிறது.’ மீதி மூன்று மைலுக்கும் குறி போட்டேன். நான்கு நிமிட வேலை.

ஜனவரியில் சோதனைப் பதிப்பு வந்தது. மார்லிஸை நாலரைக்கு வரச் சொல்லிவிட்டு, முன்னதாக நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன்.

விளையாட்டில் காலை பத்து மணி. தெளிந்த வானம். எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. நான் நடந்து அளந்த பாலம், நான் எண்ணிய தானியக் கிடங்குகள், எல்லாம் சரியாக இருந்தன.

பதினோராம் மைலைத் தாண்டியதும் வண்டிகள் நின்றுபோயின. ஒன்றுகூட இல்லை.

பிறகு இருட்டியது. வண்டியின் கடிகாரம் 2:10 காட்டியது.

ஹெட்ஃபோனில் காற்றின் ஓசை... நான் ஒலியை அணைத்து வைத்திருந்தேன்.

வளைவு வந்தது. என் கால் பிரேக்கில் இல்லை. ஆனாலும் வண்டி மெதுவானது.

ஸ்ஸ்ஸ்...

நின்றது.

வலப்புறம் சிலுவை. நிமிர்ந்து நிற்கவில்லை. பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கை துருப்பிடித்திருந்தது. அதில் ஒரு பச்சைத் தொப்பி. முன்பக்கத் தையல் பிரிந்த தொப்பி.

அது ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு ஆடவில்லை. யாரோ கையால் பிடித்தாற்போல...

டொக்.

வண்டியின் வலது கதவில்.

டொக்... டொக்.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

டொக்.

வாசலுக்கு ஓடிக் கதவைத் திறந்தேன். படியில் யாரும் இல்லை. மணி 4:28. மார்லிஸின் கார் அப்போதுதான் தெருமுனையில் திரும்பியது.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார வைத்தேன். கோவிலுக்குப் போகிறவள் போல மெதுவாக ஓட்டினாள். அதே இடத்தில் இருட்டியது. அதே இடத்தில் வண்டி நின்றது. அவள் காலைப் பார்த்தேன். அதுவும் பிரேக்கில் இல்லை.

பதினொரு நிமிடம் அப்படியே இருந்தாள். வண்டியின் கடிகாரம் 2:10-ஐ விட்டு நகரவில்லை.

“சாஞ்சு போச்சே...” என்றாள். திரையில் உள்ளங்கையை வைத்தாள். “தொப்பி வரைக்கும் வச்சிருக்கீங்க. நேர்லயா போனீங்க?”

“போனேன்.”

அவள் என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த மாலை முழுவதிலும், இன்றும் நினைக்க நான் அஞ்சும் இடம் அதுதான்.

6:12-க்கு டெரன்ஸைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“பன்னிரண்டாம் மைல் சிலுவைய யார் சாய்ச்சு வச்சது?”

“எந்தச் சிலுவை? உங்க சீட்டு கடைசி நாள்ல வந்துச்சு சார். அடுத்த பதிப்புலதான் வைக்கணும். இப்ப அங்க வெறும் புல்லுதான்.”

“ராத்திரியில...”

“ராத்திரியா? இந்தப் பதிப்புல பகல் மட்டும்தான் இருக்கு. தூங்கிட்டீங்களா?” என்று சிரித்தார்.

மறுபடி திறந்து ஓட்டினேன். வெயில். புல். வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலை, செய்திருக்க வேண்டிய நாளுக்குப் பதினைந்து நாள் கழித்து, அந்த வளைவுக்குப் போனேன். சிலுவை பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கை துருப்பிடித்திருந்தது. தொப்பி இல்லை. சுற்றிலும் பனியில் ஒரு தடம்கூட இல்லை.

அங்கிருந்து நேரே உணவகத்துக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போகாமலே குறி போட்டதை. போனேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்யை. சிலுவையை யாரும் வைக்கவே இல்லை என்பதை.

மார்லிஸ் திட்டவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

“தொப்பியப் பத்தி யார் சொன்னாங்க உங்களுக்கு?”

“யாரும் சொல்லல.”

துணி நின்றது.

“யார்கிட்டயோ கேட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். ஆனா யாருக்கும் தெரியாதே, மிஸ்டர் ஹாகன். தையல் பிரிஞ்சத தச்சுத் தரேன்னு சொல்லிட்டே இருந்தேன், தைக்கல. பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி, அத அவன் நெஞ்சு மேல நானேதான் வச்சேன்.”