கனகவல்லி கட்டிய துணிச் சீட்டு

போன திங்கட்கிழமை என்னைப் பயமுறுத்தியது ஒரு துணிப்பை.

பை கனகவல்லியுடையது. நான் பாடம் நடத்தும் பதினோராம் வகுப்பு மாணவி. போன வருஷக் கலவரத்தில், துப்பாக்கிச் சூட்டில் அவள் அண்ணன் போய்விட்டான். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். அன்றிலிருந்து இவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. அட்டெண்டன்ஸுக்குக்கூடக் கை மட்டும்தான் உயரும். நானும் ஒரு கேள்வி கேட்டதில்லை. பரிவு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். நிஜத்தில்… பயம்!

திங்களன்று மறுபடியும் மாணவர் ஊர்வலம். பஸ் ஸ்டாண்டில் போலீஸ் லாரி நிற்கிறதென்று பேச்சு. போகக் கூடாது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கத்தியும் என் வகுப்புப் பெண்கள் கேட்கவில்லை; கோஷம் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்கள். அந்த நேரம் பார்த்து இவள் உப்பிய பையோடு வந்து நிற்கிறாள். உள்ளே என்ன — கல்லா?

“என்னாடி அது?” என்று பிடுங்காத குறையாக வாங்கித் திறந்தேன். கிழித்த வெள்ளைத் துணிகள். ஒரு மை புட்டி.

“சாயப் பட்டறைக்கு நூல் போவசொல்ல, யாரூட்டு நூல்னு துணில எழுதிக் கட்டித்தானே டீச்சர் அனுப்புறோம்? எங்கண்ணன் கையில ஒண்ணுமே இல்ல…”

அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

பெஞ்சு பெஞ்சாகப் போனாள். “பேரு சொல்லு. தெரு சொல்லு.” எழுதினாள், மணிக்கட்டில் கட்டினாள். கோஷம் போட்ட வாய்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மணிக்கட்டுத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்த சரசா, “எங்கம்மா தேடிக்கினு இருப்பாங்கடி” என்று உட்கார்ந்துவிட்டாள். பாதி வகுப்பு உட்கார்ந்தது. கனகவல்லி யாரையும் போகாதே என்று சொல்லவுமில்லை, வா என்று கூப்பிடவுமில்லை.

கடைசியில் என்னிடம் வந்தாள். “எங்க பின்னாடியே வருவீங்கன்னு தெரியும். கைய நீட்டுங்க டீச்சர்.”

நீட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், அவள் கை வெறுமையாக இருந்தது.

“உனக்கு?”

“எனக்கு யாரு கட்டுவாங்க?”

துணியை வாங்கினேன். அவள் பேரும் தெருவும் எனக்குத் தெரியாதா என்ன? கேட்காமலே எழுதப் போனேன்.

“கேளுங்க டீச்சர்” என்றாள்.

கேட்டேன். சத்தமாகச் சொன்னாள்.

நானும் பின்னாலேயே போனேன். போனவர்கள் எல்லாரும் சாயங்காலம் முழுசாகத் திரும்பினோம். ஒவ்வொரு கையையும் பிடித்துப் படித்த பிறகுதான் வீட்டுக்கு விட்டேன். வருகிற வாரம் இன்னொரு ஊர்வலமாம். எனக்கு இப்போதே தூக்கம் போய்விட்டது.

அது கிடக்கட்டும். துக்கப்பட்ட பிள்ளையை ஒன்றும் கேட்காமல் விடுவது கருணை என்று யார் நமக்குச் சொன்னது?

செவ்வாய்க்கிழமை சரித்திர வகுப்பில் முதல் கேள்வியே கனகவல்லிக்குத்தான். தப்பாகச் சொன்னாள். பெஞ்சு மேல் ஏறு என்றேன் — சிரித்துக்கொண்டே ஏறினாள்!