டெல்லிக்குப் போன முதல் பார்சல்

குளச்சலில் ஒருத்தன் ஆன்லைனில் பொம்மை விற்றானாம். வாங்கின மும்பைக்காரர் பெட்டியைத் திறந்தால், உள்ளேயிருந்து கரப்பான் பூச்சிகள் சாரிசாரியாக இறங்கி வந்தனவாம். அவர் அதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டிவிட்டாராம். போலீஸ் தேடுகிறதாம்; பயல் மாமனார் வீட்டு மச்சில் ஒளிந்து கிடக்கிறானாம். மீன் ஏலத்தில் நின்றபோது யாரோ ஒருத்தி சொல்லக் கிளாரா இதைக் கேட்டாள். அந்த ஒருத்திக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து, தம்பி மனைவி லிஜாவிடம் இறக்கி வைத்தாள்.

“ஏட்டி, நீயும் என் தம்பியோட பொம்மைக் காரையெல்லாம் விக்கப் போறியாமே?”

“ஆமா மைனி. அவிய கத்தார்லருந்து நெட்டுல போட்டோ போட்டிருக்காவ. நான் கட்டி அனுப்புனா போதுமாம்.”

“பாத்துச் செய் மக்கா. நம்ம வீட்டுல கரப்பான், பாச்சாவுக்கு என்ன கொறச்சல்? அந்தப் பயலுக்கு இப்ப கஞ்சியே மச்சுக்குத்தான் போகுதாம்.”

லிஜாவுக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

கடியப்பட்டணத்தில் அவளைப் போலப் பயப்படுகிற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பி.காம். படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பு நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டாள். பில்லைக் கொடுத்த பிறகும், வாங்கினவர் படியிறங்கிப் போகும் வரை தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பி வருவாள். கடல் மட்டும் அவளைப் பயமுறுத்தியதில்லை. அது ஏன் என்று அவளுக்கே தெரியாது.

கணவன் ஆன்ட்ரூஸ் கத்தாரில் எலக்ட்ரீஷியன். லீவுக்கு வரும்போதெல்லாம் மற்றவர்களுக்குச் சென்ட்டும் சோப்பும் கொண்டுவருவான். தனக்கென்று ஒரு கார் செட். விரல் நீளத்துக்கு உலோகக் கார்கள், ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள். பிரிக்கவே மாட்டான். பீரோவின் மேல்தட்டு முழுக்க அதுதான். வளர்ந்த ஆளுக்கு இது என்ன பைத்தியம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் இவற்றைத் தேடி வாங்குகிறவர்களுக்கென்றே பேஸ்புக்கில் ஒரு குழு இருப்பது அவனுக்குத் தெரியவந்தது. முதலில் கையிலிருப்பதை விற்பது. பேர் எடுத்துவிட்டால் கத்தார் நண்பர்கள் வாங்கி அனுப்ப அனுப்ப ஊரிலிருந்தே விற்பது. இதுதான் அவன் கணக்கு.

“கூட்டுல ஒரு கீறல் விழக் கூடாது லிஜா. கூடு போனா காரு வெறும் வெளையாட்டுச் சாமான்தான்” என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

ஆகவே லிஜா கீறல் விழாமல் கட்டினாள். டெல்லிக்கு ஒரு செட், சென்னைக்கு ஒரு செட். பழைய துணி, தெர்மோகோல், பழுப்பு டேப். மூடி டேப் ஒட்டப்போகும் நேரத்தில் குளச்சல் பயல் மச்சில் குந்தியிருப்பது கண்ணில் வந்தது. எழுந்து போய், சேலைக்கும் கோட்டுக்கும் இடையில் எப்போதும் போட்டு வைக்கிற பாச்சா உருண்டைப் பாக்கெட்டை எடுத்தாள். இரண்டு பெட்டியிலும் கூடுகளின் சந்துகளில் தாராளமாகப் போட்டாள். இனி எந்தப் பூச்சியும் அண்டாது. அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த நேசையன் சார் டெல்லிப் பெட்டியை மோந்து பார்த்தார்.

“என்ன பிள்ளே, பட்டுச்சேலையா? பீரோ வாசம் அடிக்கு.”

“வெளையாட்டுக் காரு சார்.”

“காருக்குக் கல்யாணமா?” என்றபடி முத்திரை குத்தினார்.

சென்னைக்காரர் ஊரில் இல்லை, பிறகு அனுப்பச் சொன்னார் என்று ஆன்ட்ரூஸ் சொல்ல, அவர் பெட்டி மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் ஏறியது. மே மாத வெயில்.

மறுவாரம் ஆன்ட்ரூஸ் பேசியபோது குரலே வேறாக இருந்தது.

“டெல்லியில வாங்குற சுந்தரராஜ் சாரு நம்ம திருநெல்வேலிக்காரருதான். குழுவுல அவரு சொன்னா எடுபடும். நல்லாருக்குன்னு ரெண்டு வரி எழுதினாப் போதும், மிச்சதெல்லாம் தன்னால போயிரும். வர்ற வியாழக்கெழம மேனேஜரு காண்ட்ராக்டு புதுப்பிக்கக் கேப்பாரு, இன்னும் ரெண்டு வருசம் இருக்கியான்னு. இல்லன்னு சொல்லிரப் போறேன்.”

“சொல்லிருவியளா?”

“பின்ன? வா வான்னு நீதானே தொண்டைத்தண்ணி வத்தக் கேட்டுட்டு இருந்த. இப்ப வேண்டாமா?”

வேண்டாம் என்று யார் சொன்னது? போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை, சென்னைக்காரர் பார்சலைப் பார்க்க ஆசைப்படுவதாகவும் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்படியும் ஆன்ட்ரூஸ் சொன்னான். பரணிலிருந்து இறக்கி டேப்பைக் கிழித்தாள். முதல் கூட்டின் மூடியில் ஓர் உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தட்டினாள், விழவில்லை. பிய்த்தாள், மூடியில் குழி விழுந்து கையோடு வந்தது. குழியைச் சுற்றிப் பிளாஸ்டிக் கஞ்சித்தண்ணீர் போல வெளுத்து, தொட்டால் பிசுபிசுத்தது. அடுத்த கூடும் அப்படித்தான். அதற்கடுத்ததில் உள்ளே கார் இருப்பதே மங்கலாகத்தான் தெரிந்தது.

உருண்டை பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சேலையை அது ஒன்றும் செய்ததில்லையே. உடனே டெல்லிப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதுவும் இதே கை கட்டியது, இதே பாக்கெட் உருண்டை. எந்த லாரியில், எந்த ஊர் வெயிலில் அது வெந்துகொண்டிருக்கிறதோ.

போட்டோ கேட்டவனிடம், கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை என்றாள். நாள் முழுக்க மின்வெட்டு இருந்த அந்த வருடம் கரண்ட் இல்லை என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மறுநாளும் அதையே சொன்னாள். கூப்பிட்டால் நெஞ்சு அடித்தது. கூப்பிடாவிட்டால் அதைவிட அடித்தது. கடைசியில் கிளாராவிடம் சொல்லிவிட்டாள்.

கிளாரா வெளுத்த கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுக்கா இந்தப் பாடு? சொல்லாத. அவன் மேனேஜருகிட்ட இருக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்து சேரட்டு. பொறவு தெரிஞ்சா என்ன செய்வான், கத்துவான். கத்தட்டு. பக்கத்துல இருந்து கத்தட்டு.”

அந்தப் பேச்சு லிஜாவுக்கு இனித்தது. இனித்ததே பயமாகவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவன் வந்துவிடுவான். வந்தவன் கையில் வேலை இருக்காது, பேரும் கெட்டிருக்கும். எதை நம்பி வந்தோம் என்று கேட்டால் இந்த உருண்டையையா காட்டுவது?

வியாழக்கிழமை காலை தபால் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றாள்.

“சார், அந்த டெல்லிப் பார்சலைத் திருப்பி வரவழைக்க முடியுமா?”

“பாப்போம் பிள்ளே” என்று நேசையன் சார் கம்ப்யூட்டரில் தேடினார். “நேத்தே குடுத்தாச்சே. கையெழுத்தும் வாங்கியாச்சு. நல்லபடியா சேந்திருக்கு, இனி ஒனக்கு என்ன பயம்?”

படியிறங்கி வேப்பமர நிழலில் நின்றாள். சுந்தரராஜின் நம்பர் ஆன்ட்ரூஸிடம்தான் இருந்தது. அவர் இன்னும் திறக்கவில்லையோ, திறந்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாரோ. எதுவானாலும் ஆன்ட்ரூஸ் மேனேஜர் முன்னால் வாயைத் திறப்பதற்குள் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவன் இன்னும் இரண்டு வருடம் அங்கேதான். ஆனாலும் கத்தார் நம்பரை அழுத்தினாள்.

வழக்கமாக அவள் ஒரு ரிங் விட்டு வெட்டிவிடுவாள். ஆன்ட்ரூஸ் திருப்பிக் கூப்பிடுவான். இத்தனை வருடமும் அப்படித்தான். மிஸ்டு கால்தானே, வெளியே வந்து கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அவன் மேனேஜர் அறைக்குள் நுழைந்துவிடக் கூடாது. இன்று வெட்டவில்லை.

இரண்டாவது ரிங் போனது. மூன்றாவது போனது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “எடுங்க... எடுங்க” என்றாள். ரிங் போய்க்கொண்டிருந்தது.