உயர்த்திக் கட்டிய தொட்டி

குளியலறையில் ஸ்பேனர் நழுவி அண்ணனின் முழங்கை சுவரில் இடித்தது. "சனியன்," என்றார். குழாயைச் சொன்னாரா, கீழ்வீட்டைச் சொன்னாரா என்று பக்கத்தில் டார்ச் பிடித்து நின்ற மனைவி கேட்டுக்கொள்ளவில்லை.

கீழேயிருந்து தம்பியின் குரல் வந்தது. "அண்ணி, மேல என்ன இடி? நாளைக்குக் கொத்தனார் வர்ற வரைக்குமாவது வீட்ட விட்டு வைக்கச் சொல்லுங்க."

"உன் கொழுந்தனக் காதைப் பொத்திக்கச் சொல்லு," என்றார் அவர் மனைவியிடம், கீழே கேட்கும்படி.

"அதான் நீங்களே சொல்லிட்டீங்களே."

அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசி வருடக்கணக்காகிறது. எல்லாம் அவள் வழியாகத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

தெருவில் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர். சரக்குக் கிடங்கு ஒன்றில் சாவிக்கொத்தோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அதே உத்தியோகம். சர்க்கரை டப்பா, மீட்டர் பெட்டி, செருப்பு அலமாரி, எல்லாவற்றுக்கும் பூட்டு. மூச்சுக்குப் பூட்டு கடையில் கிடைக்கவில்லை, அதனால் விட்டு வைத்திருக்கிறார் என்பாள் தம்பி மனைவி.

அப்பா போனபின் மாடி அவருக்கு, கீழ்த்தளம் தம்பிக்கு. மொட்டை மாடியில் ஆளுக்கொரு தண்ணீர்த் தொட்டி, தம்பியுடையது சற்றுத் தாழ்வில். வெந்நீர் ஹீட்டர் மட்டும் பொது. தம்பி வீட்டில் இருந்தது, தம்பி தொட்டித் தண்ணீரில் ஓடியது. அதிலிருந்து ஒரு குழாய் மேலேறி இவருடைய குளியலறையில் சூடும் பச்சையும் கலந்து தரும் மிக்சர் குழாயின் இடது காலில் சேரும். வலது காலில் இவர் தொட்டியின் பச்சைத் தண்ணீர்.

மிக்சரில் கைஷவர் மாட்டிய வருடம்தான் வம்பு தொடங்கியது. காலையில் நிரப்பிய தொட்டி மதியத்தில் காலி. தம்பியின் தொட்டியோ வழிந்துகொண்டிருக்கும். இவர் மூடிக்குப் பூட்டுப் போட்டார். பயனில்லை. தம்பிக்குக் கை எட்டக்கூடாதென்று செங்கல் மேடை கட்டித் தொட்டியை அதன்மேல் ஏற்றினார். அப்புறம் இன்னும் சீக்கிரம் காலியானது. திருடன் ஏணி வாங்கிவிட்டான் என்று தெருவெல்லாம் சொன்னார்.

கடைசியில் இவர் பிடித்த பிடியில் வீட்டை முழுசாகப் பிரிப்பதென்று முடிவானது. ஹீட்டர் குழாயை வெட்டிவிடுவது, வீட்டுக்குள்ளே இருக்கும் மாடிப்படிக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது. வெளிப்படி செங்குத்து. மனைவியின் முட்டிக்கு அது ஆகாது. கீழே ஓரகத்தியைத் தவிர அவளுக்குப் பேச்சுத் துணையும் இல்லை. அந்தக் கதவை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அழுதாள். இரண்டு குடும்பத்தையும் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "தண்ணிய அவன் எடுக்கலன்னு யாராவது காட்டுங்க. கதவ விட்டுடறேன்."

இப்போது வெந்நீர் இல்லாத மிக்சரைத் தயார் செய்துகொண்டிருந்தார். சொட்டும் குழாயையும் அப்படியே சரிசெய்துவிடலாம். பிளம்பர் என்றால் பாதியைச் சுருட்டுவான் என்பது அவர் கட்சி. பச்சைத் தண்ணீர் வால்வையும் வெந்நீர் வால்வையும் மூடினார். கைப்பிடிகளின் மூடியை நெம்பி, திருகாணியைக் கழற்றினார். பளபளப்பு கீறாமல் இருக்க நட்டின்மேல் துணி சுற்றித் திருகினார். உள்ளே வாஷர்கள் அப்பளமாய் நசுங்கிக் கிடந்தன. புதியதைப் பொருத்தி கிரீஸ் தடவினார். பிறகு சுவரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயை விலக்கி, அதன் வாயில் அடைப்பு முறுக்கினார். மிக்சரின் இடது கால் மட்டும் திறந்து நின்றது.

கைப்பிடிகளை மாட்டி, சிவப்புக் கோட்டுக்குத் திருப்பினார். அந்தக் கோடு மனைவியின் நகப்பூச்சால் அவர் போட்டது. சூடும் பச்சையும் அளவாய்க் கலக்கும் இடம். அங்கே இரண்டும் பாதி திறந்தபடியே நிற்கும், யாரும் தொடக்கூடாது. திருகத் திருக வாஷர் தேயுமாம். குளித்து முடித்தால் கைஷவரின் விசையை விட்டால் போதும், தண்ணீர் நின்றுவிடும்.

பச்சைத் தண்ணீர் வால்வைத் திறந்தார். கைஷவரில் சொட்டு இல்லை. ஆனால் இடது காலின் திறந்த வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவர் வயிற்றில் அடித்தது. விசையை அழுத்தினார். ஷவரில் வந்தது, இடப்பக்கம் தணிந்தது. விட்டார். மறுபடி இடப்பக்கம் பாய்ந்தது.

பச்சைத் தண்ணீர், வெந்நீர் வழியில். இவருடைய உயர்ந்த தொட்டியிலிருந்து மிக்சர் வழியே ஹீட்டருக்கு, ஹீட்டரிலிருந்து தம்பியின் தாழ்ந்த தொட்டிக்கு.

மனைவி அந்தத் திறந்த குழாய்வாயில் டார்ச் அடித்தாள். "இப்படித்தான் போயிருக்கு," என்றாள்.

"எது?"

"நம்ம தண்ணி. நீங்க போட்ட கோடு வழியா."

அவர் வால்வை மூடினார். "வாயையும் மூடு."

"காட்டினா கதவ விடறேன்னீங்க. காட்டியாச்சு. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"என்னன்னு? என் புருஷன் மடையன்னா?"

"இத்தன நாள் அவரத் திருடன்னோமே."

"நான் சொன்னேன். நான் சொன்னது சொன்னதுதான்."

ஈரவேட்டியோடு அவளைத் தாண்டிப் போய் மாடிப்படிக் கதவைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகினார். பிறகு சன்னல் வழியே குனிந்து, இத்தனை வருடத்தில் முதல்முறையாக நேராகவே தம்பியிடம் பேசினார். "டேய், கொத்தனாரக் காலைலயே வரச் சொல்லு."

மறுநாள் காலையில் கொத்தனார் வந்தார். குழாயை வெட்டினார்கள். கதவைக் கழற்றிச் செங்கல் அடுக்கினார்கள். வரிசை முட்டி உயரம் வந்தபோது, கணவர் மேலே தொட்டியைப் பார்க்கப் போயிருந்தார். அவள் அந்தப் பக்கம் நின்ற கொழுந்தனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆரம்பத்துலயே தெரியும் அண்ணி," என்றார் அவர். "ஹீட்டர் குழாய்ல பச்சத்தண்ணி வந்தா தெரியாதா? வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். திருடன்னான். சரி, திருடிட்டுப் போறேன்னு விட்டுட்டேன்." கொத்தனாரிடம் அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தார்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. பூட்டுக்காரர் பச்சைத் தண்ணீரில் குளித்தார். குழாய் சொட்டவில்லை. சாயங்காலம் வரை தொட்டி குறையவில்லை. அதை அவர் பக்கத்து வீட்டுக்காரரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மனைவி வெளிப்படியில் பாதி வரை இறங்கினாள். கம்பியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி ஏறினாள்.