அர்ஜுனனின் கழனித் தண்ணீர்

1994 ஜூன் 6, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். பெங்களூர் அல்சூரில் சந்தைக்குப் பின்புறம் இருந்த மாதிரி விமானப் பட்டறையில் எழுத்தராகச் சேர்ந்த அன்று, வருகைப் பதிவேட்டில் அந்த நேரத்தை நானே எழுதினேன். அதனால் பிசகில்லாமல் நினைவிருக்கிறது. பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே ஒருவர் முழ நீள விமானம் ஒன்றை இடக்கையில் ஏந்திக்கொண்டு, பளபளத்த அதன் வெள்ளை இறக்கையின்மேல் சேற்றுநீர் போன்ற எதையோ தூரிகையால் பூசிக்கொண்டிருந்தார். நல்ல பொருளை ஏன் இப்படிப் பாழாக்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"கழனித் தண்ணி சார் இது. மொதலாளி வாஷ்னு சொல்வாரு" என்றார். "வெள்ளையா உட்டா கல்யாண வீட்டு கேக்கு மாதிரி இருக்கும். யாராவது கத்தி எடுத்துனு வந்துருவாங்க."

அவர்தான் அர்ஜுனன். மர்பி டவுனில் ஒற்றை அறை வீடு, மனைவி காந்தா, பள்ளியில் படிக்கும் மகள் சங்கமித்ரா. ஞாயிறுதோறும் மூவரும் புத்த விகாரைக்குப் போவார்கள். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. பட்டறையில் ஆறு ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர்.

அவருடைய வேலைமுறையை நான் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். வண்ணம் பூசி உலர்ந்த விமானத்தின்மேல் முதலில் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு. அது இறுகிய பிறகு, கறுப்பும் காவியும் கலந்த பெயின்டை டர்ப்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் தூரிகை நுனியால் தொடுவார். தகடுகளின் இணைப்பைக் காட்டும் மெல்லிய பள்ளங்களுக்குள் அது தானாகவே ஓடும். அரை மணி கழித்து மிகுந்ததைப் பருத்தித் துணியால் ஒற்றியெடுப்பார். மூக்கிலிருந்து வாலை நோக்கித்தான் துடைப்பார். பறக்கும்போது காற்று அப்படித்தான் போகும் என்பது அவர் கணக்கு. ஓர் இரவு முழுதும் உலரவிட்டு, கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷைத் தெளிப்பார். அந்தக் கடைசிப் பூச்சு விழும்வரை, ஈரத்துணி பட்டாலே அழுக்கு முழுவதும் கையோடு வந்துவிடும். பூச்சு விழுந்தபின் அசையாது. இதற்கு அவர் வைத்திருந்த பெயர் "ஃபிக்ஸ் பண்றது".

அந்தச் சொல்லுக்குப் பட்டறையின் மறுமூலையில் வேறு பொருள் இருந்தது. உமேஷ் என்னும் பொருத்துநர், விமானத்தைப் பித்தளைத் தண்டில் செருகித் தேக்குப் பீடத்தில் திருகுவார். அவருக்கு அதுதான் ஃபிக்ஸ்.

வேலைச் சீட்டுகளை எழுதுவது என் பொறுப்பு. எனக்கு முன்னிருந்தவர் ஆங்கிலத்தில் எழுதினாராம், ஒருவரும் படிக்கவில்லையாம். நான் தமிழில் எழுதினேன். கன்னடக்காரரான உமேஷ்கூட எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். ஆங்கிலச் சொல் ஒன்றுகூடக் கலக்காமல் எழுதுவதில் எனக்குப் பெருமை உண்டு.

1997 ஆகஸ்டில் தில்லிக் கண்காட்சி ஒன்றுக்காகப் பன்னிரண்டு விமானங்களுக்கு ஆணை வந்தது. முதலாளி ரங்கநாதன் அர்ஜுனனை அழைத்து, "இது மட்டும் நல்லா போகட்டும்ப்பா, உன்னை பர்மனென்ட் பண்ணிடறேன். லெட்டர் ரெடி. வேணும்னா இவரைக் கேளு" என்று என்னைக் காட்டினார். உண்மைதான். கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. காந்தாவின் கழுத்தில் கட்டி இருந்தது. உடனே அறுவை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் தொழிலாளர் காப்பீட்டில் உடனே செய்துகொள்ளலாம். இல்லையேல் அரசு மருத்துவமனையில் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அர்ஜுனனுக்கு அந்தக் கடிதம் என்பது அந்தக் கட்டிதான்.

அனுப்புவதற்கு முந்தைய நாள் மாலை பன்னிரண்டுக்கும் வாஷ் முடிந்தது. புறப்படும்போது என் மேசைக்கு வந்தார்.

"சார், காலைல ஆஸ்பத்திரில சீட்டு போட்டிருக்காங்க, காந்தாவ கூட்டினு போவணும். கழனி போட்டாச்சு. ஃபிக்ஸ் பண்ணல. பன்னெண்டு மணிக்கெல்லாம் வந்துடறேன், அப்புறம் ஃபிக்ஸ் பண்ணிக்கலாம். சீட்டுல எழுதிடுங்க."

எழுதினேன். "பூச்சு வேலை முடிந்தது. எஞ்சிய பணி: பொருத்துதல்." எழுதியதை இன்னொருமுறை படித்துப் பார்த்தேன், சந்திப்பிழை ஏதும் இல்லை. சீட்டைத் தட்டில் வைத்தேன்.

மறுநாள் காலை உமேஷ் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். பொருத்துதல் அவர் வேலை. செய்தார்.

அர்ஜுனன் பன்னிரண்டேகாலுக்கு மழையில் நனைந்துகொண்டு உள்ளே வந்தபோது, பன்னிரண்டு விமானங்களும் பீடங்களில் வரிசையாக நின்றன. உமேஷுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, புடிச்ச எடமெல்லாம் கை பூரா கரி ஒட்டிச்சு. டர்ப்பன்டைன் தொட்டு நல்லா தொடச்சு வெச்சிருக்கேன். எப்டி மின்னுது பாரு! சக்கத்தா, சூப்பரா இல்ல?"

அர்ஜுனன் ஒரு விமானத்தை எடுத்து சன்னலோரம் பிடித்துப் பார்த்தார். மேசை துடைப்பதுபோல உமேஷ் குறுக்கே துடைத்திருந்தார். பள்ளங்கள் வெளுத்துக் கிடந்தன; வெள்ளையெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. உமேஷின் பலகையில் கிடந்த சீட்டை எடுத்துப் படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தூரிகையை எடுத்தார்.

மூன்று மணிக்கு வேன் வரவேண்டும். தில்லி ரயிலில் பார்சல் ஏற்ற நான்கு மணிக்குள் நிலையத்தில் இருக்க வேண்டும். வெளியே தூறல் விடவில்லை. இரண்டேகால் மணிக்குள் பன்னிரண்டையும் துடைத்து மறுபடி வாஷ் போட்டுவிட்டார். அது காயவில்லை. நூறு வாட் பல்புகளைச் சுற்றிலும் எரியவிட்டோம். முதலாளியின் வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவிகூட வந்தது. அர்ஜுனன் விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார், விரல் கறுத்து வரும், துடைத்துக்கொள்வார், மறுபடி தொடுவார்.

"அடி, வார்னிஷ் அடி" என்றார் ரங்கநாதன்.

"சார், ஈரத்து மேல அடிச்சா இளகி வெளிய வந்துடும் சார். நாளைக்கு வண்டில அனுப்பலாம் சார்."

"நாளைக்கு அனுப்பி என்ன, கண்காட்சி முடிஞ்சப்புறம் கூட்டிப் பெருக்கவா? அடிய்யா!"

அடித்தார். பள்ளங்களிலிருந்து கறுப்பு கிளம்பி, ஊறுகிற தாளில் மை கசிவதுபோலக் கால் கால்களாகப் பரவியது. முதல் விமானத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் பன்னிரண்டுக்கும் அடிக்கச் சொன்னார் முதலாளி, அர்ஜுனன் அடித்தார். வேன் வந்து, காத்திருந்து, வெறுமனே திரும்பிப் போயிற்று.

"காயாததைப் பீடத்துல ஏத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டார் ரங்கநாதன்.

"சீட்டுல இருந்துச்சு சார்" என்றார் உமேஷ். "பொருத்துன்னு போட்டிருந்துச்சு."

"எங்க சீட்டு?"

உமேஷ் பலகையின் மேலும் கீழும் தேடினார். "இங்கதான் சார் வெச்சேன், தேவரானெகூ, சாமி சத்தியமா இங்கதான்..." அர்ஜுனனின் கை சட்டைப்பையருகே போகவில்லை. நான் ஆறடி தூரத்தில் நின்றிருந்தேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார் சரியா சொல்லாம போய்ட்டேன்" என்றார் அர்ஜுனன்.

மாலை ஐந்தரைக்கு வாசலில் அவரைப் பிடித்தேன். ஏன் சீட்டைக் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காட்டிருந்தா உங்க வேலையும் பூடும். என்னுது வந்துடுமா?"

"இல்லை அர்ஜுனன், நாளைக்குக் காலையில் முதல் வேலையாக நானே முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன். இது என் வார்த்தை."

"சரி சார்" என்றார். மழைக்குத் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை முதலாளி வக்கீலோடு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாள் நான் தட்டச்சு செய்த கடிதத்தை வாங்கி, நான்காகக் கிழித்தார். அதன்பின் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாதக் கடைசியில் அர்ஜுனனிடம், வேலை இருந்தால் ஆளனுப்புவதாகச் சொன்னார்கள். ஆள் போகவில்லை.

காந்தாவுக்கு அறுவை நடக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. கட்டி நரம்பைச் சுற்றிக்கொண்டுவிட்டது என்றார்கள். பிழைத்துக்கொண்டார், குரல் மட்டும் திரும்பவில்லை. சங்கமித்ரா தாயின் உதட்டசைவைப் பார்த்து, கடைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்வாள்.

அர்ஜுனன் ஈஜிபுராவில் வண்டிகளுக்கு எண்பலகை எழுதும் கடையில் சேர்ந்தார். 1999இல் ஒருமுறையும் 2002இல் இருமுறையும் அவரைச் சந்தித்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கேட்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் உமேஷின் குழந்தைகளை விசாரித்தார். பட்டறைக் கூரை இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்டார். தேநீர் வாங்கித் தந்தார். 2004இல் ரங்கநாதன் இறந்தார். செய்தியைச் சொல்ல நானே ஈஜிபுராவுக்குப் போனேன். "அப்டியா, பாவம்" என்றார் அர்ஜுனன். உட்கார முக்காலி எடுத்துப் போட்டார். முதலாளியிடம் சொல்கிறேன் என்று நான் கொடுத்த வார்த்தை என்னவாயிற்று என்று அன்றும் அவர் கேட்கவில்லை.